நாபோத்தின் தோட்டமும் கியாம்பு மேட்டுநிலமும்

அரசர் முதல் நூலின் இருபத்தோராம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் வருகிறது. அதன் பரப்பு எவ்வளவு, அதில் எத்தனை கொடிகள் இருந்தன என்று திருநூல் கூறவில்லை. அரசனின் அரண்மனைக்கு அருகே இருந்தது என்பதை மட்டும் கூறுகிறது. அந்த அருகாமையே நாபோத்தின் உயிருக்கு எமனாயிற்று. ஆகாபு விலை பேசினான். மாற்று நிலமும் தருவதாகச் சொன்னான். மூதாதையர் வழி வந்த உரிமையைக் கொடுப்பதற்கில்லை என்றான் நாபோத்து. அதன்பின் முத்திரையிட்ட மடலும், பொய்ச்சான்றும், கல்லெறியும் வந்தன. எல்லாம் சட்டப்படி நடந்தது போலவே தோன்றியது என்பதுதான் அந்நிகழ்ச்சியின் கொடுமை.

திருப்பலியில் இப்பகுதியை வாசிக்கக் கேட்கும்போது, என்றோ நடந்து முடிந்த கதை இது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் தலைநகருக்கு அருகே நல்ல மண்ணும் நல்ல காற்றும் உடைய நிலம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இக்கதை மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது. அதற்கொரு சான்றாக, கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியை வடக்கிலும் மேற்கிலும் ஒட்டிக் கிடக்கும் கியாம்பு என்னும் மேட்டுநிலத்தின் வரலாற்றை இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

மண்ணும் மூடுபனியும்

நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு பாகைத் தொலைவில் உள்ள நாடு என்றால், கொளுத்தும் வெயிலையே நாம் கற்பனை செய்வோம். கியாம்பு அக்கற்பனையைப் பொய்யாக்குகிறது. நைரோபி நகரமே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டர் சென்றால் வரும் லிமுரு என்னும் ஊர் 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ இரண்டு பாகை குறையும் என்பது இயற்கையின் பொதுக் கணக்கு. அதற்கு அப்பால் நிலம் திடீரென்று சரிந்து, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறது.

பழைய எரிமலைப் பாறைகள் சிதைந்து உருவான ஆழமான செம்மண் இந்நிலத்தின் முதற் செல்வம். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் காற்று மேட்டில் ஏறும்போது குளிர்ந்து பெய்யும் மழை இரண்டாம் செல்வம். மார்ச்சு முதல் மே வரை பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. இடையே ஜூன் முதல் ஆகஸ்டு வரை வானம் மூடிக் கிடக்கும். தூறலும் மூடுபனியும் குளிரும் நாள் முழுவதும் நீடிக்கும்.

இங்கே வாழும் கிக்கூயு மக்கள் தங்கள் பருவங்களுக்குக் கடவுளர் பெயரையோ மன்னர் பெயரையோ இடவில்லை. விளைபயிர்களின் பெயரை இட்டனர். பெருமழைப் பருவத்தின் பெயர் 'ஞாஹி'. அது கருநிற மொச்சை. சிறுமழைப் பருவத்தின் பெயர் 'முவெரே'. அது நமது கம்பு. வானத்தையும் வயிற்றையும் ஒரே சொல்லால் இணைத்த மக்களின் நாட்காட்டி அது.

காணியின் ஒழுங்கு

வடக்கே முரங்கா பகுதியிலிருந்து மலைமுகடு மலைமுகடாகக் கிக்கூயு குடிகள் தெற்கு நோக்கிப் பரவின. அக்காலத்தில் கியாம்பு பெரும்பகுதியும் காடு. தொரோபோ எனப்பட்ட வேட்டைக் குடியினர் அதில் வாழ்ந்தனர். ஆடுகளை ஈடாகக் கொடுத்தும், ஒருவரையொருவர் உறவினராக ஏற்கும் சடங்கு செய்தும், அவர்களிடமிருந்து நிலத்தைப் பெற்றதாகக் கிக்கூயு மரபு கூறுகிறது. நிலம் தனி ஒருவனுக்கு உரியதன்று. ஒரு முன்னோரின் வழிவந்த குடும்பத் தொகுதிக்கு உரியது. அத்தொகுதியை 'ம்பாரி' என்றும், அதன் காணியைக் 'கித்தாக்கா' என்றும் அழைத்தனர். நிலமற்றவர்களும் குடியேறிப் பயிர் செய்ய இடம் பெற்றனர்.

எல்லைகளைக் காட்ட அவர்கள் கற்சுவர் எழுப்பவில்லை. அல்லியினப் பூஞ்செடியையும் மரங்களையும் நட்டனர். அந்த எல்லையைப் பெயர்ப்பது பெரும்பழி எனக் கருதப்பட்டது. அடுத்தவனின் எல்லைக்கல்லை அகற்றுபவன் சபிக்கப்பட்டவன் என்று இணைச்சட்ட நூல் கூறுவதை இங்கே நாம் நினைவுகூரலாம். நற்செய்தி வந்து சேருமுன்பே அந்த நீதி அம்மண்ணில் வேர்விட்டிருந்தது.

வெறுமை என்று எண்ணப்பட்ட நிலம்

1890-இல் ஆங்கிலக் கம்பெனியின் சார்பில் வந்த லூகார்டு என்பார், வயாகி வா ஹிங்கா என்னும் கிக்கூயு தலைவரோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார். அந்த நட்பு நெடுநாள் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே அங்கு 'ஃபோர்ட் ஸ்மித்' என்ற கோட்டை எழுந்தது. 1892-இல் வயாகி சிறைபிடிக்கப்பட்டுக் கடற்கரை நோக்கி நடத்திச் செல்லப்பட்டார். வழியிலேயே, கிப்வேசி என்னுமிடத்தில், உயிர் நீத்தார்.

அதனினும் பெருந்துயர் வானத்திலிருந்து வந்தது. மாட்டு வெக்கை நோயும் வெட்டுக்கிளியும் முன்னரே மக்களை நலியச் செய்திருந்தன. 1898-இலும் 1899-இலும் மழை பொய்த்தது. பஞ்சத்தோடு பெரியம்மையும் சேர்ந்துகொண்டது. தெற்குக் கியாம்பு மக்களில் மிகப் பலர் மாண்டனர். எஞ்சியோருள் பலர் மழை கண்ட வடபுறத்து உறவினரிடம் தஞ்சம் புகுந்தனர். மழை திரும்பியதும் மீண்டு வரலாம் என்பதே அவர்கள் எண்ணம். காணியை அவர்கள் கைவிடவில்லை; அதற்குக் கதவடைத்துச் சென்றனர் என்று சொல்லலாம்.

அதே 1899-ஆம் ஆண்டு மே மாதம், மொம்பாசாவிலிருந்து வந்த இருப்புப்பாதை நைரோபியை எட்டியது. அதை அமைத்தோர் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் நாட்டவர். ஏறத்தாழ 32,000 பேர் சென்றனர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். பாதை லிமுரு மேட்டில் ஏறிப் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பை அடைந்தபோது, தளவாடங்களைக் கம்பிக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டியிருந்தது. 1901-இல் பாதை விக்டோரியா ஏரியைச் சென்றடைந்தது. 1905-இல் நைரோபி ஆட்சித் தலைநகராயிற்று. அரண்மனை அருகே வந்துவிட்டது.

தட்பவெப்பம் சட்டமானபோது

பெரும் பொருட்செலவில் போட்ட பாதைக்கு வருவாய் வேண்டும். அதற்குப் பண்ணைகள் வேண்டும் என்று ஆங்கில அரசு கருதியது. ஆனால் வெப்ப நாட்டு வெயில் வெள்ளையரின் உடலையும் உள்ளத்தையும் சிதைத்துவிடும் என்ற அச்சம் அக்காலத்து ஐரோப்பியரிடையே இருந்தது. மூடுபனியும் குளிரும் நிறைந்த இம்மேட்டைக் கண்டதும் அந்த அச்சம் அகன்றது. இங்கே மலேரியாக் காய்ச்சலும் குறைவு. அந்நோய்க் கிருமி கொசுவின் உடலில் முதிர்வதற்கு வேண்டிய வெப்பம் இம்மேட்டில் போதாது. ஆகவே, இது வெள்ளையர் வாழத்தக்க நாடு என்று முடிவு செய்தனர். அவர்கள் வந்தபோது மழையின்மையால் மக்கள் அகன்றிருந்த புலங்களைக் கண்டனர். 'ஆளில்லா நிலம்' என்று எழுதிக்கொண்டனர். நல்ல மழை அவர்களை அழைத்தது. மழை தவறிய ஒரு சில ஆண்டுகள் அவர்களுக்கு வாயிலைத் திறந்துவிட்டன.

1902-ஆம் ஆண்டின் அரசு நிலச் சட்டம் குடியேறிகளுக்கு 99 ஆண்டுக் குத்தகை தந்தது. 1903-க்கும் 1907-க்கும் இடையே கியாம்பு, லிமுரு பகுதிகளில் சுமார் 60,000 ஏக்கர் கிக்கூயு நிலம் கைமாறியதாக வரலாற்று ஆய்வாளர் கணக்கிடுவர். வடபுலத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், தம் முன்னோர் நட்ட எல்லைச் செடிகளுக்குள் தாமே கூலிகளாக நிற்கக் கண்டன. 1915-ஆம் ஆண்டின் சட்டமோ குத்தகைக் காலத்தை 999 ஆண்டுகளாக நீட்டியது.

லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் இங்கே நம் நினைவில் எழாமல் இராது. நிலத்தை அறுதியாக விற்றுவிடலாகாது. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் அது பழைய உரிமையாளரிடமே திரும்ப வேண்டும். ஏனெனில் நிலம் இறைவனுக்கு உரியது, மனிதர் அதில் விருந்தினர் போன்றோரே என்பது அதன் கருத்து. ஐம்பது ஆண்டு எங்கே, 999 ஆண்டு எங்கே! விவிலியத்தைக் கையில் ஏந்தி வந்த நாட்டவர் இயற்றிய சட்டம் இது என்பதை எண்ணும்போது நம் தலை குனிகிறது.

இந்தியரும் இதற்கு விலக்கல்லர். பாதை போட்ட இந்தியர் இம்மேட்டில் நிலம் பெறலாகாது என்று 1900-களின் முதற் பத்தாண்டிலேயே இலண்டன் அரசு வகுத்தது. 1923-ஆம் ஆண்டின் டெவன்ஷைர் அறிக்கை, ஆப்பிரிக்கர் நலனே தலையாயது என்று அறிவித்துவிட்டு, மேட்டுநிலத்தை மட்டும் ஐரோப்பியருக்கே விட்டுவைத்தது.

தேயிலையும் காப்பியும் திருச்சபையும்

1903-இல் இந்தியத் தேயிலை விதைகள் லிமுருவில் ஊன்றப்பட்டன. நிலநடுக்கோட்டின் அண்மையில் கடுங்கோடையும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. எனவே ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கலாம். இன்று கருந்தேயிலை ஏற்றுமதியில் கென்யா உலகின் முன்னணியில் நிற்கிறதென்றால், அதன் முதல் நாற்று இம்மூடுபனியில்தான் துளிர்த்தது.

காப்பியின் வரலாறு நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. தூய ஆவி சபைத் துறவியர் 1899-இல் நைரோபியின் அருகே புனித அகுஸ்தீனார் மறைபணித் தளத்தை நிறுவினர். அவர்கள் அங்கே பயிரிட்ட காப்பியே அப்பகுதியின் காப்பித் தோட்டங்களுக்கு முன்னோடி. 1902-இல் இத்தாலியிலிருந்து கொன்சொலாத்தா சபையினர் கிக்கூயு நாட்டிற்கு வந்தனர். பள்ளிகளும் மருந்தகங்களும் தோன்றின. நோயுற்றோருக்குப் பணி செய்தே உயிர் நீத்த கன்னியரும் குருக்களும் உண்டு. இவையெல்லாம் மறுக்க முடியாத உண்மைகள்.

ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. மறைபணித் தளங்களும் நிலம் பெற்றன. தளத்தின் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த கிக்கூயு உழவன் தன் சிறு நிலத்தில் அதே காப்பியைப் பயிரிட, 1950-கள் வரை அரசு இசைவளிக்கவில்லை. குருவுக்கும் வெள்ளைக் குடியேறிக்கும் வேற்றுமை இல்லை என்னும் கருத்தில் கிக்கூயு மொழியில் ஒரு பழமொழி பிறந்தது. கத்தோலிக்கராகிய நாம் அந்தப் பழமொழியைச் சினமின்றிக் கேட்க வேண்டும். அது முழு உண்மையன்று என்று நாம் வாதிடலாம். ஆனால் நற்செய்தியை ஏற்ற மக்களிடையிலேயே அப்படியொரு சொல் பிறக்க நேர்ந்ததே, அதுவே நம் மனச்சான்றுக்குப் போதிய கேள்வியாகும்.

டிகோனியிலிருந்து லாரிக்கு

நிலக் குறைகளை ஆராய 1932-இல் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது; 1934-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. லிமுருவை அடுத்த டிகோனியில், ஐரோப்பியர் தோட்டங்களுக்கு நடுவே தீவு போல, சில கிக்கூயு குடும்பங்கள் இன்னும் தம் காணியைக் காத்து வந்தன. அவர்களுக்கு மாற்று நிலம் தந்து அகற்றிவிடுவது என்று முடிவாயிற்று. மாற்று நிலமாகக் காட்டப்பட்ட இடம், இன்னும் உயரமும் குளிரும் மிகுந்த லாரி என்னும் ஊர்ப்புறம். ஆகாபு நாபோத்திடம் சொன்னதும் இதுவே அன்றோ: உன் தோட்டத்தை எனக்குத் தா, வேறு தோட்டம் தருகிறேன் என்று!

டிகோனி மக்கள் இரண்டுபட்டனர். லூக்கா என்ற தலைவர் முதலில் எதிர்த்தார். பின்னர் இணங்கித் தம்மைச் சார்ந்தோருடன் லாரிக்குப் பெயர்ந்தார். இணங்க மறுத்தோர் வலிந்து வெளியேற்றப்பட்டு நிலமற்றோராயினர். லாரியிலோ அந்நிலத்தில் தமக்கே உரிமை என்று கூறிய வேறு கிக்கூயு குடும்பங்கள் இருந்தன. எடுத்தவர்கள் அமைதியாகத் தேயிலை வளர்த்தனர். இழந்தவர்களோ ஒருவரையொருவர் பகைத்தனர்.

1952 அக்டோபரில், மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்க நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் இரவு, லாரியில் லூக்காவின் வீடும், அரசுக்கு இணங்கியோரின் வீடுகளும் தீக்கிரையாயின. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அரசுக் கணக்கு கூறிற்று. அவர்களுள் மிகுதியோர் பெண்களும் குழந்தைகளும். அவ்விரவிலும் அடுத்து வந்த நாள்களிலும் அரசுத் தரப்பினர் பழிதீர்த்ததில் மாண்டோர் அதனினும் மிகுதி என்பர் ஆய்வாளர். முதலில் மாண்டோரின் கதை உலகமெங்கும் பரப்பப்பட்டது; பின்னர் மாண்டோரின் கதை நெடுங்காலம் பேசப்படவேயில்லை. இருபது ஆண்டுகளுக்குமுன் ஒரு கோப்பில் எழுதப்பட்ட நில மாற்றம், ஓரிரவில் இத்தனை உயிர்களைக் கொண்டது. நிலத்தின் மீது செய்யப்படும் அநீதி நிலத்தோடு நின்றுவிடுவதில்லை. அது உறவுகளுக்குள் நச்சுவேராய் இறங்குகிறது.

அடுத்த ஆண்டுகளில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கிக்கூயு மக்கள் முள்வேலியிட்ட புதுச் சிற்றூர்களில் அடைக்கப்பட்டனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். கிளர்ச்சியாளரின் உறுதிமொழியை ஏற்க மறுத்த கிறித்தவர் பலரும் உயிரிழந்தனர். லிமுருவை அடுத்த கமிரிதுவில் 1938-இல் பிறந்த எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, 2025-இல் மறையும் வரை, தம் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த மண்ணில்தான்.

ஒரு மாணவியும் ஒரு காடும்

இந்த இருண்ட ஆண்டுகளிலேயே நமக்கு ஆறுதல் தரும் ஒரு நிகழ்ச்சியும் தொடங்கிற்று. லிமுருவில் லொரேட்டோ கன்னியர் ஆப்பிரிக்கப் பெண்களுக்கென ஒரு பள்ளியை நடத்தி வந்தனர். 1956-இல் நியேரிப் பகுதியிலிருந்து ஒரு சிறுமி அங்கே வந்து சேர்ந்தாள். கொன்சொலாத்தா கன்னியரின் பள்ளியில் பயின்றபோதே கத்தோலிக்க மறையைத் தழுவியவள். மரியாயின் சேனையில் இணைந்தவள். அவள்தான் பின்னாளில் உலகம் அறிந்த வங்காரி மாத்தாய்.

1963 டிசம்பர் 12-இல் கென்யா விடுதலை பெற்றது. கியாம்புவின் மைந்தரான ஜோமோ கென்யாட்டா நாட்டின் தலைவரானார். ஆனால் வெள்ளையர் விட்டுச் சென்ற நல்ல பண்ணைகள் பலவும் பணமும் செல்வாக்கும் உடையோரின் கைக்கே சென்றன. நாபோத்தின் உறவினரே ஆகாபாக மாறுவதும் வரலாற்றில் உண்டு. காடுகள் குறைந்தன, ஓடைகள் மெலிந்தன. 1977-இல் வங்காரி 'பசுமை வளைய இயக்கத்தை'த் தொடங்கி, ஊர்ப்புறப் பெண்களைக் கொண்டு கோடிக்கணக்கான மரங்களை நடச் செய்தார்.

நைரோபியையும் கியாம்புவையும் இணைக்கும் எல்லையில் கரூரா என்னும் காடு உள்ளது. ஆயிரம் ஹெக்டேர் பரப்புடையது. 1990-களின் இறுதியில் அதன் பகுதிகள் வீட்டுமனைகளுக்காகத் தனியாருக்கு வழங்கப்பட்டன. 1999-ஆம் ஆண்டு சனவரியில், அங்கே மரக்கன்று நடச் சென்ற வங்காரி தலையில் அடிபட்டுக் குருதி சிந்தினார். காடு பிழைத்தது. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. காடும் நீரும் குறைந்தால் மக்கள் அவற்றிற்காகப் போரிடுவர். ஆகவே மரம் நடுவதும் அமைதிப் பணியே என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம். குருக்களையும் குடியேறிகளையும் ஒன்றாகக் கண்ட பழமொழிக்கு, லிமுருவின் கன்னியர் இம்மாணவியின் வழியாக ஒரு மறுமொழி கூறினர் என்றே நாம் கொள்ளலாம். 2015 நவம்பரில் நைரோபிக்கு வந்த திருத்தந்தை பிரான்சிசு, அக்காட்டிற்கு அண்மையில் உள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில் ஒரு மரக்கன்றை நட்டார். 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல் வெளிவந்த ஆண்டும் அதுவே.

கியாம்பு இன்றும் தலைநகரின் நிழலில்தான் வாழ்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 24 லட்சத்தைக் கடந்தது. காப்பித் தோட்டங்கள் மனைகளாகவும் புது நகர்களாகவும் மாறி வருகின்றன. நைரோபி ஆற்றின் ஊற்று இம்மேட்டின் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. ஊற்றின் மேல் கட்டடம் எழுப்பிவிட்டு ஆற்றைத் தேடுவது அறிவுடைமையன்று.

மனமாற்றமும் மீட்டளித்தலும்

2010-ஆம் ஆண்டின் புதிய அரசமைப்புச் சட்டம், அயல்நாட்டார் குத்தகையை 99 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்று வரையறுத்தது. 999 என்ற அந்த ஆணவ எண் ஒருவாறு முடிவுக்கு வந்தது. 2013 ஜூன் மாதத்தில் ஆங்கில அரசு, நெருக்கடிக் காலத்தில் வதையுண்ட கென்யர்களுக்காக வருத்தம் தெரிவித்து, ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட முதியோர்க்கு இழப்பீடு வழங்க இசைந்தது. நல்லதுதான். ஆனால் டிகோனியின் எல்லைச் செடிகள் பழைய இடத்தில் மீண்டும் நடப்படவில்லை.

நாபோத்தின் கதையின் முடிவில் ஆகாபும் வருந்துகிறான். ஆடையைக் கிழித்துக்கொள்கிறான், சாக்கு உடுத்துகிறான், நோன்பிருக்கிறான். அவன் தாழ்ந்து நின்றதைக் கடவுளும் கண்ணோக்குகிறார். ஆயினும் அவன் தோட்டத்தைத் திரும்பக் கொடுத்தான் என்று அங்கே எழுதப்படவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப்பின் எரிகோவில் ஒருவர் மரத்திலிருந்து இறங்குகிறார். இயேசு தம் இல்லத்திற்கு வந்த மகிழ்ச்சியில், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சக்கேயு கூறுகிறார். அந்த வீட்டிற்கு அன்றே மீட்பு வந்தது.

வருந்துதல் ஆகாபுக்கும் கைகூடியது. திருப்பித் தருதல் சக்கேயுவுக்கே கைகூடியது. கியாம்பு மேட்டின் மூடுபனியிலிருந்து நமக்கு வரும் கேள்வியும் இதுவே. நம் வீட்டு வேலிக்கு அடியிலும், நம் பங்கின் நில ஆவணங்களுக்கு இடையிலும், பெயர்க்கப்பட்ட ஓர் எல்லைச் செடி கிடக்கிறதா? ஒப்புரவு அருளடையாளத்தை நாடிச் செல்லும் அடுத்த முறை, அதையும் நாம் சற்றுத் தேடிப் பார்ப்போமாக.